நூற்றில் ஒருவர் நடத்தும் பள்ளி

தருமபுரி மாவட்டத்தில் நூறு பேரை எடுத்துக்கொண்டால் அவர்களில் கிறிஸ்தவர் ஏறத்தாழ ஒருவர்தான். தமிழ்நாடு முழுவதற்கும் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு சொல்லும் விகிதம் நூற்றுக்கு ஆறு. கன்னியாகுமரி மாவட்டத்தில் அது பாதியை நெருங்குகிறது. ஆகவே நாகர்கோவிலில் ஒரு கிறிஸ்தவப் பள்ளி நடப்பதும் தருமபுரியில் ஒன்று நடப்பதும் வேறுவேறு சங்கதிகள். இங்கே ஆர்.சி. பள்ளியோ, சி.எஸ்.ஐ. பள்ளியோ, கான்வென்ட்டோ தன் சபைப் பிள்ளைகளை மட்டும் நம்பியிருந்தால் ஆறாம் வகுப்பில் ஒரு பிரிவு நிரம்புவதே பெரும்பாடு. இந்துக் குடும்பத்துப் பிள்ளைகள் வருவதால்தான் மணி அடிக்கிறது. எல்லா மதத்தாரையும் சேர்த்துக்கொள்கிறோம் என்று சேர்க்கைக் கையேட்டில் அச்சடிப்பதில் இந்த ஊரில் தனிப் பெருமை ஏதும் இல்லை, வேறு வழியும் இல்லை. சேர்த்த பிள்ளையை உள்ளே எப்படி நடத்துகிறார்கள், பத்தாம் வகுப்பு முடியும் வரை வைத்திருக்கிறார்களா என்பதில்தான் ஒரு பள்ளிக்கும் இன்னொரு பள்ளிக்கும் வித்தியாசம் தெரியும்.

இந்தப் பகுதிக்கு மிஷன் பள்ளிகள் ஒரே வழியில் வந்து சேரவில்லை. லண்டன் மிஷன் 1827 முதல் சேலத்தில் இருந்து வேலை செய்தது. 1895இல் தியோடர் நேதர் என்ற ஜெர்மானியர், அமெரிக்க மிசூரி லுத்தரன் சபையின் சார்பில் கிருஷ்ணகிரியில் தங்கினார். 1904இல் பிளேக் நோயில் இறந்தார். அவர் தொடங்கிய பணிதான் பின்னாளில் இந்திய சுவிசேஷ லுத்தரன் சபையாக வளர்ந்தது. கிருஷ்ணகிரி 2004 பிப்ரவரி வரை தருமபுரி மாவட்டத்தில் அடங்கியிருந்த ஊர். கத்தோலிக்கர் கணக்கில் இந்த வட்டாரம் 1930இல் உருவான சேலம் மறைமாவட்டத்தோடு இருந்தது; 1997 ஜனவரியில் தருமபுரி தனி மறைமாவட்டமானது. அதன் முதல் ஆயர் ஜோசப் அந்தோனி இருதயராஜ், சலேசிய சபையைச் சேர்ந்தவர்.

அந்த 1997 என்ற ஆண்டைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். 1991-92 கல்வியாண்டிலிருந்து புதிதாகத் தொடங்கும் தனியார் பள்ளிகளுக்கு மானியம் கிடையாது என்று தமிழ்நாடு அரசு சட்டத்திலேயே எழுதிவிட்டது. அதற்கு முன்பு அங்கீகாரமும் மானியமும் வாங்கிய பள்ளிகளில் ஆசிரியர் சம்பளத்தை அரசு கொடுக்கிறது. நிர்வாகம் மட்டும் தாளாளர் கையில். அதற்குப் பின் வந்தவை எல்லாம் கட்டணத்தில் ஓடும் சுயநிதிப் பள்ளிகள். தனி மறைமாவட்டமாகித் தன் காலில் நின்று திறந்த எந்தப் பள்ளிக்கும், அது எவ்வளவு ஏழை ஊரில் இருந்தாலும், ஒரு ஆசிரியர் பணியிடம்கூட அரசுச் சம்பளத்தில் கிடைக்க வழியில்லை. அதனால்தான் ஒரே மதில் சுவருக்குள் இரண்டு பள்ளிகளைப் பார்க்க முடிகிறது. ஒன்று பழைய எய்டட் பள்ளி: தமிழ்வழி, சத்துணவு, இலவசப் பாடநூல், இலவச சைக்கிள். பக்கத்திலேயே ஆங்கிலவழி மெட்ரிக்: டை, ஷூ, வேன், பருவக் கட்டணம். 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சமச்சீர் கல்வியை உறுதிசெய்த பிறகு இரண்டிலும் பாடத்திட்டம் ஒன்றுதான். பிள்ளைகள் மட்டும் ஒன்றாக இல்லை. ஆட்டோ ஓட்டுநரின் மகனும் நகைக்கடைக்காரரின் மகனும் ஒரே கோயில் மணியைக் கேட்டபடி வேறுவேறு வாசலில் நுழைகிறார்கள். எல்லாருக்குமான பள்ளி என்று ஒரு நிர்வாகம் தன்னைச் சொல்லிக்கொள்ளும்போது, எந்த வாசலைக் காட்டிச் சொல்கிறது என்று கேட்பதில் தப்பில்லை.

மாவட்டத்தின் நிலையைப் பார்த்தால் இந்தக் கேள்வியின் கனம் புரியும். 2011 கணக்கெடுப்பில் தருமபுரியின் எழுத்தறிவு 68.54 சதவீதம், மாநிலத்திலேயே கடைசி. மாநிலச் சராசரி 80.09. பெண்களில் பத்துக்கு நான்கு பேர் அன்று எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். அவர்கள்தாம் இன்று பத்தாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளின் தாய்மார், பாட்டிமார். மானாவாரி நிலம், கேழ்வரகு, தக்காளி, மாம்பழம், மரவள்ளி, பட்டுக்கூடு. மழை பொய்த்தால் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் கட்டட வேலைக்கும் பனியன் கம்பெனிக்கும் பயணம். பெற்றோர் ஆறு மாதம் ஊரில் இல்லாத வீடுகள் பென்னாகரம், அரூர் பக்கம் புதிதல்ல. சித்தேரி, வத்தல்மலை போன்ற மலைப் பகுதிகளில் பல கிராமத்துப் பிள்ளைகள் மேல் வகுப்புக்கு ஊரை விட்டு வெகுதூரம் போக வேண்டும்.

எய்டட் பள்ளியில் சேர்க்கை வேலை மே மாதமே தொடங்கிவிடும். ஆசிரியர்கள் இருவர் மூவராகச் சேர்ந்து பக்கத்து ஊர்களுக்குப் போய் வீட்டு வாசலில் உட்கார்ந்து பேசுவார்கள். ‘பிள்ளை பிடிக்கிற சீசன்’ என்று ஆசிரியர் அறையில் இதற்குப் பெயர். கேலி போலத் தோன்றினாலும் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. மேல் வகுப்புகளில் நாற்பது பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்பது விகிதம்; எண்ணிக்கை குறைந்தால் ஒரு பணியிடம் ‘உபரி’ ஆகும், அந்த ஆசிரியர் வேறு பள்ளிக்கு அனுப்பப்படுவார். ஆகவே இந்தப் பள்ளிகளுக்குப் பிள்ளைகள் தேவை, எந்தப் பிள்ளையானாலும் சரி. இந்தத் தேவை கதவைத் திறந்து வைக்கிறது. சட்டமும் அதையே சொல்கிறது: அரசு உதவி பெறும் கல்வி நிறுவனத்தில் மதம், இனம், சாதி, மொழி ஆகிய காரணத்தால் மட்டும் ஒருவருக்கு இடம் மறுக்கக் கூடாது என்பது அரசியலமைப்பின் 29(2) பிரிவு. சிறுபான்மையினர் தமக்கு விருப்பமான கல்வி நிறுவனங்களை நிறுவி நடத்தும் உரிமை 30ஆம் பிரிவில் உள்ளது. இந்த இரண்டு பிரிவுகளுக்கும் நடுவில்தான் ஒரு எய்டட் கிறிஸ்தவப் பள்ளியின் அன்றாட வாழ்வு நகர்கிறது.

சேர்க்கை மேசையில் முதலில் நீட்டப்படுவது சாதிச் சான்றிதழ். ஒரே தெருவில் இருந்து, ஒரே கூலி வாங்கும் இரண்டு வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு அங்கே இரண்டு வகைக் காகிதம். இந்து ஆதிதிராவிடர் என்றால் பட்டியல் சாதி. அந்தக் குடும்பம் ஞானஸ்நானம் பெற்றிருந்தால், தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்ட வகுப்பு. 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணை இந்துக்களையும், பின்னர் சீக்கியரையும் பௌத்தரையும் மட்டும் ஏற்பதால் வந்த நிலைமை இது. மாநில அரசு கல்வி உதவித்தொகையை மதம் மாறியவர்களுக்கும் தருகிறது. ஆனால் இட ஒதுக்கீட்டில் வேறு வரிசை. பழங்குடியினருக்கு இந்தச் சிக்கல் இல்லை, அவர்கள் எந்த மதத்தில் இருந்தாலும் பழங்குடியினரே. எழுத்தர் ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து எந்தப் பிள்ளைக்கு எந்த உதவித்தொகை என்று பார்த்து விண்ணப்பம் போட்டுக் கொடுப்பதுதான், சுவரில் எழுதிய பொன்மொழியைவிட, அந்தக் குடும்பத்துக்கு உதவும் காரியம். 1973ஆம் ஆண்டின் அரசாணைப்படி சாதி, மதம் என்ற இடங்களை நிரப்பாமல் விடவும் பெற்றோருக்கு உரிமை உண்டு. பல பள்ளிகளில் இது அலுவலகத்துக்கே தெரிவதில்லை.

சேர்த்தாகிவிட்டது, எங்கே உட்காருவது? கிறிஸ்தவப் பள்ளிகளின் வரலாற்றில் இது பழைய வழக்கு. ஜான் ஆண்டர்சன் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1837 ஏப்ரலில் சென்னை அரண்மனைக்காரன் தெருவில் ஒரு பள்ளி தொடங்கினார்; சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிக்கு அதுதான் வேர். அடுத்த ஆண்டு ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவர்கள் இருவர் அங்கே சேர்ந்தபோது, மற்ற மாணவர்கள் அவர்களை நீக்கும்படி அல்லது தனிப் பெஞ்சில் உட்கார வைக்கும்படி கேட்டார்கள். ஆண்டர்சன் மறுத்தார். மாணவர்கள் கூட்டமாக வெளியேறினார்கள். பள்ளி ஆட்டம் கண்டது, ஆனால் மூடப்படவில்லை. போனவர்களில் பலர் திரும்பி வந்தார்கள். மிஷன் பள்ளிகள் எல்லாம் இவ்வளவு உறுதியாக இருந்தன என்று சொல்ல முடியாது. தேவாலயத்திலேயே தனி வரிசையும் கல்லறைத் தோட்டத்தில் தனிப் பகுதியும் இருந்த, சில ஊர்களில் இன்னும் இருக்கும் திருச்சபை இது. பள்ளிக்கூடம் மட்டும் அதிலிருந்து தப்பிவிடுமா?

தருமபுரியில் இது பழங்கதையாகவும் ஆகிவிடவில்லை. 2012 நவம்பர் 7 அன்று நாயக்கன்கொட்டாய் அருகே நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று தலித் குடியிருப்புகள் தாக்கப்பட்டு வீடுகள் எரிக்கப்பட்டன. தாக்கியவர்கள், தாக்கப்பட்டவர்கள் என இரு தரப்புப் பிள்ளைகளும் ஒரே பேருந்தில் ஒரே பள்ளிகளுக்குப் போய்க்கொண்டிருந்த ஊர்கள் அவை. தெற்கே நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் ஒரு தலித் மாணவனை உடன்படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அவன் படித்ததும் வள்ளியூரில் ஓர் உதவி பெறும் பள்ளியில். அதைத் தொடர்ந்து அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. வண்ணக் கயிறு, சாதியைக் காட்டும் அடையாளம் கூடாது, மாணவர்களை அகரவரிசையில் உட்கார வைக்க வேண்டும் என்பவை அதன் பரிந்துரைகளில் அடங்கும். 1838இல் எழுந்த பெஞ்சுப் பிரச்சினைக்கு 2024இல் ஒரு குழு வருகைப் பதிவேட்டின் வரிசையைத் தீர்வாகச் சொல்கிறது. சின்ன ஏற்பாடுதான், ஆனால் வேலை செய்யும். தானே இடம் பிடிக்கச் சொன்னால் பிள்ளைகள் தெருவாரியாகத்தான் உட்காருவார்கள்.

காலையில் மணி அடித்ததும் ‘பிரேயர்’. தமிழ்த்தாய் வாழ்த்து, உறுதிமொழி, ஒரு குறள், அன்றைய செய்தி என்று அரசுப் பள்ளியில் இருப்பதெல்லாம் இங்கும் உண்டு. கூடுதலாக ஒரு விவிலிய வாசகமும் ஒரு மன்றாட்டும். பிற மதப் பிள்ளைகள் மிகுந்த பள்ளிகளில் அந்த மன்றாட்டு பெரும்பாலும் ‘இறைவா’ என்றே தொடங்கும். முன் வரிசையில் சிலுவை அடையாளம் போடும் கைகள் நாலைந்து, மற்றவை கூப்பியபடி. பிறகு வாரத்தில் ஒரு பாடவேளை வகுப்பு இரண்டாகப் பிரியும்: கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்விக்கு, மற்றவர்கள் நன்னெறி வகுப்புக்கு. இந்தப் பிரிவுக்குப் பின்னால் சட்டம் இருக்கிறது. அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் எந்த நிறுவனத்திலும் சமயப் போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளும்படி யாரையும் வற்புறுத்தக் கூடாது, மாணவர் வயது வராதவரானால் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்பது 28(3) பிரிவு. சேர்க்கைப் படிவத்தில் பெற்றோரிடம் வாங்கும் கையெழுத்துகளில் இதற்கும் ஒன்று இருக்க வேண்டும். பெரும்பாலான பெற்றோர் கேட்பதும் இல்லை, பள்ளி சொல்வதும் இல்லை. ஒழுங்காகப் படிக்க வைக்கிறார்கள், சாமி கும்பிடச் சொல்கிறார்கள், நல்லதுதானே என்று போய்விடுகிறார்கள்.

உரசல் வேறு இடத்தில் வருகிறது. கார்த்திகை பிறந்தால் ஐயப்பனுக்கு மாலை போட்ட பையன்கள் கறுப்பு வேட்டியும் வெறுங்காலுமாக வருவார்கள். மேல்மருவத்தூருக்கு இருமுடி கட்டும் வீட்டுப் பெண்கள் சிவப்பு உடுத்துவார்கள். பொட்டு, பூ, கண்ணாடி வளையல், மருதாணி என்று சீருடை விதியோடு மோதும் விஷயங்கள் ஏராளம். கறாரான சீருடை விதி எல்லாருக்கும் பொது, பணக்காரப் பிள்ளையும் ஏழைப் பிள்ளையும் ஒன்றாகத் தெரியத்தானே சீருடை என்பது பள்ளியின் வாதம். அந்த வாதம் பாதி சரி. பொட்டைத் துடைக்கச் சொல்லும் கை, கழுத்தில் தொங்கும் ஜெபமாலையை விட்டுவிட்டால் வாதம் அங்கேயே முடிந்தது. அனுபவப்பட்ட தலைமையாசிரியர்கள் மாலை போட்ட பையனைத் தனியே கூப்பிட்டு, மண்டலம் முடியும் வரை அப்படியே வரச் சொல்லிவிடுகிறார்கள். வெள்ளிக்கிழமை ஒரு மணிக்கு முஸ்லிம் பையன்கள் ஜும்மாவுக்குப் போய்வர மதிய இடைவேளையை ஒட்டி அனுமதி கொடுப்பதும் அப்படித்தான். எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லாத இந்த ஏற்பாடுகள்தாம் பள்ளியை அமைதியாக வைத்திருக்கின்றன. தலைமையாசிரியர் மாறினால் ஏற்பாடும் மாறிவிடும் என்பது இதில் உள்ள பலவீனம்.

ஒழுக்கம் என்றால் கிறிஸ்தவப் பள்ளி என்ற பெயர் ஊரில் உண்டு. பெற்றோர் தேடி வருவதற்கு ஆங்கிலத்தை அடுத்த காரணம் அதுதான். அந்த ஒழுக்கத்தில் பிரம்புக்கும் ஒரு காலத்தில் பங்கு இருந்தது. தமிழ்நாடு 2003இல் கல்வி விதிகளைத் திருத்தி உடல்தண்டனையைத் தடை செய்தது. 2009 கல்வி உரிமைச் சட்டம் உடலை மட்டுமல்லாமல் மனத்தை வதைப்பதையும் தடுத்தது. இந்தச் சட்டங்களுக்கு வெகு முன்பே, இத்தாலியில் தூரின் நகரத்துத் தெருப்பையன்களை வைத்து வேலைசெய்த தொன் போஸ்கோ (1815–1888), தண்டிப்பதைவிடத் தவறு நேராமல் பார்த்துக்கொள்வதே ஆசிரியரின் வேலை என்றார். அறிவு, சமயம், அன்பு ஆகிய மூன்றும் அவர் முறையின் தூண்கள். அவருடைய சலேசிய சபையினர் 1906இல் தஞ்சாவூர் வந்தார்கள். தருமபுரியில் 2007 முதல் தொன் போஸ்கோ கல்லூரி நடக்கிறது. இந்த முறையின் நடைமுறை அர்த்தம் எளிது: இடைவேளையில் ஆசிரியர் அறையில் உட்கார்ந்திருக்கக் கூடாது, மைதானத்தில் பிள்ளைகளோடு இருக்க வேண்டும். சண்டை எங்கே தொடங்கும், யார் தனியாகச் சாப்பிடுகிறான், யார் சாப்பாடே கொண்டுவரவில்லை என்பதெல்லாம் மைதானத்தில்தான் தெரியும்.

மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கு வருவோம். இந்தத் துறையில் தமிழ்நாட்டுக் கிறிஸ்தவப் பணிக்கு நீண்ட வரலாறு உண்டு. 19ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோருக்கும், ஃபுளோரன்ஸ் ஸ்வெய்ன்சன் அம்மையார் செவித்திறன் இல்லாதோருக்கும் பள்ளிகள் தொடங்கினார்கள். அவை தனிப் பள்ளிகள். எல்லாப் பிள்ளைகளோடும் ஒரே வகுப்பில் உட்கார்ந்து படிப்பது அதற்கு ஒரு நூற்றாண்டுக்குப் பிந்திய எண்ணம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டு, அரசு நிதியோ அங்கீகாரமோ பெறும் எல்லாப் பள்ளிகளும் அவர்களைப் பாகுபாடின்றிச் சேர்க்க வேண்டும் என்கிறது. 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி பெற உரிமை உண்டு.

பள்ளியில் இது எப்படி நடக்கிறது? சாய்தளமும் கைப்பிடியும் கட்டுவது சுலபம்; ஆய்வுக்கு வருபவர் கண்ணில் படுவதும் அதுவே. கழிப்பறை அடுத்த கட்டம். வட்டார வள மையத்திலிருந்து சிறப்பாசிரியர் ஒருவர் முறைவைத்து வந்து போவார்; பல பள்ளிகளுக்கு அவர் ஒருவரே என்பதால் ஒரு பிள்ளைக்குக் கிடைக்கும் நேரம் குறைவு. மற்ற நாட்களில் வகுப்பாசிரியர்தான் எல்லாம். உண்மையான வேலை எட்டாம் வகுப்பில் தொடங்குகிறது. பொதுத்தேர்வில் சலுகைகள் இருக்கின்றன: சொல்வதைக் கேட்டு எழுத ஓர் எழுத்தர், கூடுதலாக ஒரு மணி நேரம், குறைபாட்டைப் பொறுத்து ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு. இவை தானாக வராது. மருத்துவச் சான்று வாங்கி, தலைமையாசிரியர் வழியாகத் தேர்வுத் துறைக்கு உரிய காலத்தில் விண்ணப்பம் போக வேண்டும். கண் தெரியாத பிள்ளையை யாரும் மறக்கமாட்டார்கள். எழுத்துகளை மாற்றி மாற்றிப் படிக்கும் பையனைத்தான் ஐந்து வருடம் ‘மக்கு’ என்று உட்கார வைத்துவிடுவார்கள். கற்றல் குறைபாடு என்று கண்டுபிடிக்கும்போது தேர்வுக்கு மூன்று மாதம் இருக்கும்.

தருமபுரிக்கு உரிய இன்னொன்றும் உண்டு. இங்கே நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பழுப்புக் கோடு விழுந்த பற்கள் ஒரு தலைமுறைப் பிள்ளைகளின் அடையாளமாக இருந்தன; முற்றினால் எலும்பையும் வளைக்கும். ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு கட்டிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கியது. பள்ளிக் குழாயில் எந்தத் தண்ணீர் வருகிறது, ஆழ்துளைக் கிணறா, ஒகேனக்கலா என்பது இந்த மாவட்டத்துப் பெற்றோர் கேட்க வேண்டிய கேள்வி.

சேர்த்துக்கொள்ளும் பண்புக்கு மிகக் கடினமான சோதனை ஒன்பதாம் வகுப்பின் முடிவில் வருகிறது. எட்டு வரை தமிழ்நாட்டில் யாரையும் நிறுத்திவைப்பதில்லை. பத்தாம் வகுப்பில் பொதுத்தேர்வு. இடையில் உள்ள ஒன்பதில்தான் பள்ளி தன் கணக்கைப் போடுகிறது. மாநில, மாவட்ட ரேங்க் அறிவிப்பதை அரசு 2017இல் நிறுத்திவிட்டது. ஆனால் ‘100 சதவீதத் தேர்ச்சி’ ஃபிளெக்ஸ் ஜூன் மாதம் பேருந்து நிலையத்தில் தவறாமல் தொங்குகிறது. நூறு சதவீதம் எடுக்க இரண்டு வழி. ஒன்று, தேறாத பிள்ளைக்கு மாலையில் கூடுதல் வகுப்பு எடுத்து முப்பத்தைந்து மதிப்பெண்ணுக்கு மேல் கொண்டுவருவது. மற்றது, தேறாத பிள்ளையைத் தேர்வுக்கே வரவிடாமல் செய்வது. பெற்றோரை அழைத்து, “இவன் இங்கே கஷ்டப்படுவான்மா, கவர்மெண்ட் ஸ்கூல்ல போட்டா ஈஸியா இருக்கும், டி.சி. வாங்கிக்கோங்க” என்று பதமாகச் சொல்வது இரண்டாவது வழி. பெயர் பெற்ற தனியார் பள்ளிகள் எல்லாவற்றின் மேலும் உள்ள புகார் இது. மிஷன் பள்ளிகள் விலக்கல்ல. வெளியேறும் பிள்ளைகள் யார் என்று பார்த்தால் பெற்றோர் பெங்களூரில் இருக்கும் பையன், காது சரியாகக் கேட்காத பெண், மலைக் கிராமத்திலிருந்து வந்து விடுதியில் தங்கியவன். ஆறாம் வகுப்பில் கையேட்டைக் காட்டிச் சேர்த்த அதே பிள்ளைகள். ஒரு பள்ளி எவ்வளவு விசாலமானது என்று அறிய விரும்புகிறவர் அதன் தேர்ச்சி விகிதத்தைக் கேட்க வேண்டாம். ஆறில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் அதே பள்ளியில் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதினார்கள் என்று கேட்டால் போதும்.

பெண் பிள்ளைகளுக்கு இதே இடத்தில் வேறொரு ஆபத்து. பெண்சிசுக் கொலைக்குப் பெயர்போன மாவட்டங்களில் தருமபுரியும் ஒன்று. 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் இங்கும் விரிந்தது. அந்த நிலை மாறியிருக்கிறது. ஆனால் குழந்தைத் திருமணம் இன்னும் முழுதாகப் போகவில்லை. ஒன்பதாம், பத்தாம் வகுப்பில் ஒரு பெண் விடுமுறை முடிந்தும் ஒரு வாரம் வராவிட்டால் வகுப்பாசிரியைக்கு முதலில் தோன்றும் சந்தேகம் அதுவே. சிஸ்டர்கள் நடத்தும் பெண்கள் பள்ளிகளும் விடுதிகளும் இந்த மாவட்டத்தில் செய்த பெரிய வேலை, பிள்ளையைப் பதினெட்டு வயது வரை பாதுகாப்பான இடத்தில் வைத்திருக்கிறோம் என்று தகப்பனுக்குத் தைரியம் கொடுத்ததுதான். விடுதி கட்டுப்பாடானது, சில நேரம் மூச்சு முட்டுகிற அளவுக்கு. கைபேசி கிடையாது, கடிதம் பிரிக்கப்படும் என்றெல்லாம் பழைய மாணவிகள் குறைப்படுவார்கள். அந்தக் கட்டுப்பாட்டை நம்பித்தான் தகப்பன் அனுப்பினார் என்பதும் உண்மை. வராத பெண்ணின் வீட்டுக்குப் போய் விசாரிப்பது, மனம் மாறாத வீடானால் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழைப்பது இரண்டையும் தயங்காமல் செய்யும் தலைமையாசிரியைகள் ஊரில் பகையையும் சம்பாதிக்கிறார்கள்.

எய்டட் பள்ளிகள் தமக்குள் முணுமுணுக்கும் விஷயம் ஒன்று உண்டு. அரசின் நலத்திட்டங்கள் முதலில் அரசுப் பள்ளிக்குத்தான் வருகின்றன. காலை உணவுத் திட்டம் 2022இல் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் தொடங்கியது. ஊரக உதவி பெறும் பள்ளிகளுக்கு 2024 ஜூலை 15 அன்றுதான் வந்தது, அதுவும் திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில் புனித அன்னாள் தொடக்கப் பள்ளியில் தொடங்கி வைக்கப்பட்டது. கல்லூரி செல்லும் மாணவிக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022இல் வந்தது. எய்டட் தமிழ்வழி மாணவிகள் 2024 டிசம்பரில் சேர்க்கப்பட்டார்கள். மருத்துவப் படிப்பில் 2020 முதல் இருக்கும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு அரசுப் பள்ளி மாணவருக்கு மட்டும். விவரம் தெரிந்த ஏழைப் பெற்றோர், டாக்டர் கனவு உள்ள பிள்ளையை ஐந்தாம் வகுப்போடு எய்டட் பள்ளியிலிருந்து எடுத்து அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்க்கிறார்கள். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அரசுப் பள்ளிக்குப் போகும் பிள்ளையைப் போலவே ஏழையான, எய்டட் பள்ளியிலேயே தங்கிவிடும் பிள்ளைக்கு அந்த வாசல் அடைபடுவது நியாயமா என்ற கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

மறுபக்கம், சிறுபான்மைப் பள்ளிகளுக்குச் சட்டம் தந்திருக்கும் விலக்கும் பெரியது. கல்வி உரிமைச் சட்டத்தின் 12(1)(இ) பிரிவு, தனியார் சுயநிதிப் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடத்தை நலிந்த பிரிவினருக்கு ஒதுக்கச் சொல்கிறது. உச்ச நீதிமன்றம் 2012இல் சுயநிதிச் சிறுபான்மைப் பள்ளிகளுக்கும், 2014 மே 6 அன்று பிரமாதி அறக்கட்டளை வழக்கில் எல்லாச் சிறுபான்மைப் பள்ளிகளுக்கும் அந்தச் சட்டத்திலிருந்து விலக்கு அளித்தது. நிர்வாக உரிமையைக் காக்க வந்த தீர்ப்பு அது. விளைவு என்னவென்றால், தருமபுரி நகரத்தில் உள்ள ஒரு சாதாரண மெட்ரிக் பள்ளி கூலித்தொழிலாளியின் பிள்ளைக்குக் கட்டாயம் இடம் தர வேண்டும், பக்கத்து கான்வென்ட் தர வேண்டியதில்லை. ஏழைகளுக்காக வந்தோம் என்று சொல்லும் சபைகளுக்கு இது கூச்சம் தர வேண்டிய விலக்கு.

ஆசிரியர் தகுதித் தேர்விலும் இதே விவகாரம். 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, பணியில் உள்ள ஆசிரியர்களும் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்றது. சிறுபான்மைப் பள்ளிகளுக்கு அது பொருந்துமா என்ற கேள்வி வந்தபோது பிரமாதி தீர்ப்பின் மீதே ஐயம் எழுப்பி, பெரிய அமர்வு பரிசீலிக்கும்படி தலைமை நீதிபதிக்கு அனுப்பியது. அந்தத் தீர்ப்பு திருத்தப்பட்டால் 25 சதவீத இடமும் இந்தப் பள்ளிகளுக்குக் கட்டாயமாகலாம். அதுவரை, சுயநிதிப் பிரிவில் எத்தனை ஏழைப் பிள்ளைகளுக்குக் கட்டணச் சலுகை, எந்த வகுப்பு வரை என்பதைத் தாளாளரும் அவருடைய சபையும் தங்கள் வரவுசெலவைப் பார்த்து முடிவு செய்துகொள்கிறார்கள்.